கர்ணம் வீட்டுக் கணக்கும் கணினிக் கடவுச்சொல்லும்

1980ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து மணியக்காரர், கர்ணம் முதலான பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் பதவி இழந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 1982இல் அரசு செய்தது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் இன்று நாம் வி.ஏ.ஓ. என்று சொல்லும் கிராம நிர்வாக அலுவலர்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலத்துக் கர்ணத்தை மறந்திருக்காது. நம் பக்கம் கணக்கப்பிள்ளை என்போம். அ பதிவேடு, சிட்டா, அடங்கல் எல்லாம் அவர் வீட்டு மரப்பெட்டியில்தான் இருக்கும். நிலம் நம்முடையது, கிஸ்தி கட்டுவது நாம், கணக்கோ சர்க்கார் கணக்கு. ஆனால் அதைப் பார்க்க வேண்டுமானால் அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்க வேண்டும். அவர் நல்ல மனிதராக அமைந்தால் ஊருக்கு அதிர்ஷ்டம். அமையாவிட்டால் அப்பன் காலத்து வரப்பு மகன் காலத்தில் நகர்ந்திருக்கும். அப்படி எல்லாக் கர்ணமும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. இரவு பகல் பாராமல் ஊருக்காக உழைத்தவர்களும் உண்டு. குறை ஆளிடம் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. பொதுக் கணக்கு தனி வீட்டுப் பெட்டியில் இருந்ததுதான் குறை.

கணினியையும் இணையத்தையும் பற்றி எழுத உட்கார்ந்தவன் கர்ணத்தில் ஏன் தொடங்குகிறேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. 1980இல் கர்ணத்தின் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த கணக்கு, கணினி வந்த பிறகு மறுபடியும் வேறு வேறு பெட்டிகளுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அலுவலகத்தில் தட்டச்சுப்பொறிதான் ராஜா. ரெமிங்டன், ஃபேசிட், கோத்ரெஜ் என்று எந்த இயந்திரமாக இருந்தாலும் சரி, லோயர், ஹையர் தேறியவர் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து அடிக்கலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வேலை பார்த்த ரா. முத்தையா உருவாக்கிய தமிழ் விசைப்பலகையின் வழியில் வந்த ஏற்பாடு அது. 1978இல் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றுக்கொண்டபோது பழைய றா, னை எழுத்துகளின் வடிவம் மாறியது. அப்போதும் பழைய கோப்பு எதுவும் படிக்க முடியாமல் போகவில்லை. காகிதத்தைப் படிக்கக் கண் இருந்தால் போதும். எந்த நிறுவனத்து இயந்திரத்தில் அடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பிறகு கணினி வந்தது. தேசியத் தகவலியல் மையம், அதாவது என்.ஐ.சி., 1976இல் தொடங்கப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் செயற்கைக்கோள் வழியாக மாவட்டத் தலைநகரங்களை இணைத்தார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் அந்த அறைக்கு மட்டும் ஏ.சி. உண்டு. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயில் கருவறைக்கு இருக்கிற மரியாதை அதற்கும் இருந்தது. அதனால் ஒரு கெடுதலும் வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பது எழுத்தர் வேலை இல்லை என்ற எண்ணம் எங்களிடையே ஊறிவிட்டது.

அரசுப் பணியில் பொறுப்பு ஒப்படைப்பு என்று ஒன்று உண்டு. மாறுதலில் போகிறவர் பீரோ எத்தனை, நாற்காலி எத்தனை, பதிவறைச் சாவி எத்தனை என்று எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். ஓட்டை விழுந்த மைப்பெட்டிகூடப் பட்டியலில் இருக்கும். நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில் சம்பளப் பட்டியல் போடும் கணினிக்கு ஒப்பந்தத்தில் ஒரு பையன் வந்தான். கெட்டிக்காரன். வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்ததும் போய்விட்டான். கடவுச்சொல்லும் அவனோடு போய்விட்டது. அந்த மாதம் சம்பளப் பட்டியலைப் பழையபடி கையால் எழுதி, மூன்று நாள் தாமதமாகக் கருவூலத்துக்கு அனுப்பினோம். நாற்காலிக்குக் கணக்கு வைத்த அலுவலகத்தில் கடவுச்சொல்லுக்குக் கணக்கு இல்லை. சிஸ்டம் அட்மின் என்று இன்று சொல்கிறார்களே, அந்த வேலையின் பாதி இந்தப் பொறுப்பு ஒப்படைப்புத்தான் என்பது என் கருத்து.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் பிரான்ஸ் நாட்டில் நடந்தது ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இணையம் முழுக்க முழுக்க அமெரிக்கர் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் லூயி பூசான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சிக்லாத் என்றொரு வலையமைப்பைக் கட்டினார். அவருடைய யோசனை நம் அஞ்சலட்டை மாதிரி. செய்தியைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றிலும் முகவரி எழுதிப் போட்டுவிட வேண்டும். எந்த வழியில் போனாலும் சரி. எல்லாம் வந்து சேர்ந்ததா என்று சரிபார்ப்பது பெறுகிறவர் வீட்டு வேலை. நடுவில் இருக்கும் வலையமைப்பு கடத்திவிட்டால் போதும். நடுவில் இருப்பவருக்கு அதிகாரம் குறைவு என்பதுதான் இதன் சாரம்.

பிரெஞ்சு அஞ்சல் தந்தித் துறைக்கு இது பிடிக்கவில்லை. பேச்சின் தொடக்கம் முதல் முடிவு வரை தன் கையில் இருக்கும் முறையே அதற்கு வேண்டியிருந்தது. பூசானுக்குப் பணம் நின்றது. துறையின் சொந்த வலையமைப்பு 1978இல் வந்தது. அதன் மேல் மினிடெல் வந்தது. டெலிபோன் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு சின்னத் திரைப்பெட்டியை வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தார்கள். 1980களிலேயே பிரெஞ்சுக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து ரயில் டிக்கெட் எடுத்தார்கள், வங்கிக் கணக்குப் பார்த்தார்கள். நம் ஊரில் டிரங்க் கால் போட்டுவிட்டு அரை நாள் காத்திருந்த காலம் அது. உண்மையிலேயே பெரிய சாதனைதான். ஆனால் யார் கடை வைக்கலாம், என்ன கட்டணம் என்பதெல்லாம் துறை வைத்ததுதான் சட்டம். பூசானின் யோசனையை அமெரிக்கர்கள் எடுத்துத் தங்கள் விதிமுறைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். 1983 ஜனவரி 1 முதல் அவர்களுடைய வலையமைப்பு அந்த விதிமுறையில் ஓடியது. அந்த விதிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், காசு கொடுக்காமல் பின்பற்றலாம். அதுவே உலகம் முழுக்கப் பரவியது. மினிடெல் 2012 ஜூன் 30ஆம் தேதி மூடப்பட்டது. பூசானுக்கு 2013இல் இங்கிலாந்து ராணி பெயரிலான பொறியியல் பரிசைக் கொடுத்தார்கள், இணையத்தை உருவாக்கிய மற்றவர்களோடு சேர்த்து.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. மூன்றாண்டு கழித்து, 1998 நவம்பரில், தனியாரும் இணைப்புக் கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். பிறகுதான் கோவையிலும் பொள்ளாச்சியிலும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. கம்பி வந்தது, கணினி வந்தது. ஆனால் தமிழ் மட்டும் ஒரு வினோதமான பூட்டுக்குள் மாட்டிக்கொண்டது.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்துக்கு அந்த ஒப்பந்தம் 1960களிலேயே நடந்துவிட்டது. தமிழுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் எழுத்தின் படத்தை அதனதன் இஷ்டத்துக்கு உட்கார வைத்தது. பாமினி ஒரு வரிசை, வானவில் ஒரு வரிசை, பத்திரிகைகள் வைத்திருந்தவை தனித்தனி வரிசைகள். ஒரு அலுவலகத்தில் அடித்த கடிதத்தை இன்னொரு அலுவலகத்தில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூட்டாஞ்சோறு தெரியும். என்ன செய்தோம்? அச்செடுத்து, ஃபேக்ஸ் அனுப்பி, அங்கே மறுபடியும் அடிக்கச் சொன்னோம். கணினி வந்த பிறகு ஒரே கடிதத்தை இரண்டு முறை தட்டச்சு செய்த பெருமை நமக்கு உண்டு.

இதைச் சரிசெய்ய முதலில் முயன்றவர்கள் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997இல் அங்கே தமிழ் இணைய மாநாடு நடந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளைக் கொண்டுவந்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற இரண்டு எழுத்துக் குறியீட்டு முறைகளையும் அறிவித்தது. நல்ல முடிவுதான். ஆனால் அரசாணை ஒரு பக்கம் இருந்தது, அலுவலகங்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த எழுத்துருவை விடவில்லை. பழைய தட்டச்சு முறையில் விரல் பழகியவர்களுக்குப் புதிய விசைப்பலகையைச் சொல்லிக்கொடுக்க ஆளும் போதவில்லை. ஆணை போட்டால் ஆயிற்று என்று நினைப்பது நம் நிர்வாகத்தின் பழைய வியாதி.

பூட்டு திறந்தது நம் கோயம்புத்தூரில்தான் என்றால் இளையவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் தொடங்கிவைத்தார். நமக்கெல்லாம் அலங்கார ஊர்தியும் கூட்டமும் போக்குவரத்து நெரிசலும்தான் நினைவில் இருக்கிறது. அதோடு சேர்ந்து தமிழ் இணைய மாநாடும் அங்கேயே நடந்தது. அந்த 23ஆம் தேதியிட்ட அரசாணையில், தமிழக அரசு இனி யூனிகோடு முறையையே தமிழுக்குத் தரமாகக் கொள்ளும் என்றும், யூனிகோடு ஓடாத இடங்களில் டேஸ்16 என்ற முறையைப் பயன்படுத்தலாம் என்றும் சொன்னார்கள். என்னைக் கேட்டால் அந்த ஐந்து நாளில் நடந்த அத்தனையிலும் நிலைத்து நிற்பது அந்த ஒரு காகிதம்தான்.

யூனிகோடில் அகரத்துக்கு 2949 என்று ஒரு எண். மகரத்துக்கு 2990. ஆனைமலையில் அடித்தாலும் அமெரிக்காவில் அடித்தாலும் அதே எண்தான். அதனால்தான் இன்று பேரன் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி எந்தக் கைப்பேசியிலும் தமிழாகவே தெரிகிறது. இதில் தமிழறிஞர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கொடுக்காமல், மெய்யையும் உயிர்மெய்யையும் இரண்டு குறிகளை ஒட்டவைத்து எழுதும்படி 1991இலேயே தீர்மானித்துவிட்டார்கள். பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்கள் கூடிய மன்றத்தில் எடுத்த முடிவு அது. நம்மைக் கேட்டுச் செய்திருக்க வேண்டும் என்பது நியாயமான கோபம். ஆனாலும் எல்லோரும் நடக்கும் பொதுப்பாதை கொஞ்சம் வளைந்திருந்தாலும், தனியார் தோட்டத்து நேர்ப்பாதையைவிட அதுவே மேல். தோட்டக்காரர் எந்த நாளும் கேட்டை மூடிவிடலாம்.

எழுத்துக்கு வந்த அதே கேள்வி இயங்குதளத்துக்கும் வந்தது. 2006 முதல் 2008 வரை எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., தம் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் அதையே போடவைத்தார். உரிமக் கட்டணம் மிச்சம், வைரஸ் தொல்லை குறைவு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம் என்பவை அவர் தரப்பு வாதம். அவர் மாறிப்போன பிறகு அந்த வேகம் நிற்கவில்லை. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினியில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எதைச் சொல்லிக்கொடுத்தார்களோ அதைத்தான் பிள்ளைகள் தொட்டார்கள்.

இங்கிருந்து மீனாட்சிபுரம் தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகள் 2000களின் நடுவிலேயே லினக்ஸுக்கு மாறின. இன்று வரைக்கும் அதிலேயே இருக்கின்றன. ஆட்சி மாறியும் அது மாறவில்லை. காரணம் என்னவென்று பார்த்தால், அங்கே ஒரு அதிகாரியை நம்பி அது நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களே பழுது பார்க்கும்படி செய்துவிட்டார்கள். ஒரு நல்ல அதிகாரியும் ஒரு நல்ல கர்ணம் மாதிரிதான். அவர் போன மறுநாள் என்ன ஆகும் என்பதற்கு ஏற்பாடு வேண்டும்.

இனி நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். பட்டா. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தை யூ.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வோம். அதில் பெயர் மாறியது, உட்பிரிவு மாறியது, பரப்பு மாறியது என்று இன்றைக்கும் மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுவோடு நிற்கிறவர்கள் உண்டு. அந்தப் பதிவுகள்தான் பின்னால் கணினியில் ஏறின. கணினி தவறைத் திருத்தாது. தவறைச் சுத்தமான எழுத்தில், முத்திரையோடு அச்சடித்துக் கொடுக்கும். காகிதப் பதிவேட்டில் திருத்தம் செய்தால் சிவப்பு மையில் அடித்து, சுருக்கொப்பமும் தேதியும் போடுவோம். முப்பது வருஷம் கழித்துப் பார்ப்பவருக்கும் யார் கை பட்டது என்று தெரியும். கணினியிலும் அந்தத் தடம் பதிவாகும்படி செய்ய முடியும். ஆனால் நிலத்துக்காரர் கண்ணுக்கு அது காட்டப்படுவதில்லை. பட்டாவைக் கைப்பேசியில் பார்ப்பது பெரிய வசதி, மறுக்கவில்லை. என் பட்டாவில் யார், எந்தத் தேதியில் கை வைத்தார் என்பதையும் அதே பக்கத்தில் பார்க்க முடிய வேண்டும் என்பது என் கோரிக்கை.

இது அதிகப்படியான ஆசை இல்லை. பிரான்ஸில் 1974இல் எல்லா அரசுக் கோப்புகளையும் ஒரே எண்ணால் இணைக்கும் ரகசியத் திட்டத்தை லெ மோந்த் பத்திரிகை வெளியிட்டது. நாடே கொதித்தது. அதன் விளைவாக 1978 ஜனவரி 6ஆம் தேதி ஒரு சட்டம் வந்தது. தன்னைப் பற்றிக் கணினியில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று குடிமகன் கேட்கலாம், தவறிருந்தால் திருத்தச் சொல்லலாம். நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் 2023இல்தான் நிறைவேறியது.

பிரெஞ்சு நிர்வாகத்தில் இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளை இரண்டு படியாக எழுதி, ஒன்றை நகர மன்றத்திலும் மற்றொன்றை நீதிமன்றத்திலும் வைப்பார்கள். பாரிஸில் அப்படித்தான் வைத்தார்கள். 1871 மே மாதக் கலவரத்தில் நகர மன்றக் கட்டடமும் எரிந்தது, நீதிமன்ற வளாகமும் எரிந்தது. 1860க்கு முந்தைய பதிவுகளின் இரண்டு படியும் சாம்பலாயின. இரண்டு படி இருந்தும் இரண்டும் ஒரே ஊரில் இருந்ததுதான் வினை. நூற்றைம்பது வருஷம் கழித்து, 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென் கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் கிடங்கு அழிந்தது. வேறு இடத்தில் அதற்குப் படி இல்லை. உலகத்திலேயே இணையத்தில் முன்னேறிய நாடுகளில் ஒன்று அது. இதைப் படித்தபோது மாசாணியம்மன் கோயில் நீதிக்கல்தான் என் நினைவுக்கு வந்தது. பொருள் திருட்டுப் போனால் மிளகாய் அரைத்துப் பூசலாம். கோப்பு அழிந்தால் யாரை நினைத்து அரைப்பது?

அரசு செய்ய வேண்டியவை சில உண்டு. மென்பொருள் செய்து கொடுக்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போதே, ஒப்பந்தம் முடிந்தால் தரவையும் கடவுச்சொற்களையும் எந்த வடிவத்தில் ஒப்படைப்பார்கள் என்று எழுதி வாங்க வேண்டும். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் கடவுச்சொல்லும் ஏற வேண்டும். இரண்டாவது படி வேறு மாவட்டத்தில் இருக்க வேண்டும். அதை ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்து, படிக்க முடிகிறதா என்று சோதிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. பட்டா, வில்லங்கச் சான்று, ஓய்வூதிய ஆணை ஆகியவற்றை அச்செடுத்து வீட்டில் ஒரு படி, வெளியூரில் இருக்கும் மகன் அல்லது மகள் வீட்டில் ஒரு படி வையுங்கள். பழைய எழுத்துருவில் அடித்து வைத்த குடும்ப வரலாறு, சங்கக் கணக்கு ஏதாவது இருந்தால், பிள்ளைகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இன்னும் பத்து வருஷம் கழித்தால் அதைத் திறக்கக் கணினி கிடைக்காது. கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்து, வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் சொல்லி வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. நம் ஊரில் வயதானவர்கள் பலர் இ-சேவைக்கும் வங்கிக்கும் பிரவுசிங் சென்டர் தம்பியின் கைப்பேசி எண்ணையோ, பக்கத்து வீட்டுப் பையன் எண்ணையோ கொடுத்து வைத்திருக்கிறார்கள். "ஏனுங்க, நமக்கு அதெல்லாம் எங்க தெரியுது, அவன் நல்ல பையனுங்க" என்கிறார்கள். நல்ல பையனாகவே இருக்கட்டும். ஆனால் ஓ.டி.பி. யார் கைப்பேசிக்கு வருகிறதோ, அவர்தான் இன்று உங்கள் கர்ணம். அந்தப் பதவியை 1980இலேயே ஒழித்தாயிற்று. இந்த வாரமே ஆதாரையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு போய் உங்கள் எண்ணை மாற்றிவிட்டு வாருங்கள்.